பயானுக்கு நிலத்தில், தொழுகைக்குக் கதிரையில்

இளம் டொக்டர்மார் நீங்கள், இதயப் பலவீனத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தீர்கள். மருந்துகளைப் பற்றி என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மாத்திரைகளின் பெயர்கள் எனக்கு வாயிலும் நுழைவதில்லை. ஆகவே நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு, அது இன்னும் ஓய்வு பெறவுமில்லை. இதயப் பலவீனம் அதற்குள்ளேயே வரும், கொஞ்சம் பொறுங்கள்.

கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பிரதான வீதியில் எனக்கொரு டிஸ்பென்சரி இருந்தது. காலையில் அரச ஆஸ்பத்திரி, பின்னேரம் டிஸ்பென்சரி. ஊருக்கு நான் லேடி டொக்டர். என் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில், சந்தியில், இன்னொரு டொக்டர் இருந்தார். இப்போதும் இருக்கிறார். அவருக்குச் சந்தி டொக்டர் என்றுதான் பெயர். மருத்துவ பீடத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். பரீட்சைகளில் நான் எடுத்த புள்ளிகளுக்குக் கிட்டவும் அவர் வந்ததில்லை. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்றாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஆனால் பின்னேரமானால் அவருடைய வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்க்க வேண்டும். உள்ளே ஜும்ஆத் தொழுகை நடக்கிறதோ என்று நினைப்பீர்கள். பொத்துவிலில் இருந்து வேன் பிடித்து வருவார்கள். சாகாமத்தில் இருந்து வயல்காரர்கள் வருவார்கள். பெரியநீலாவணையில் இருந்து மீன்பிடிக்கிறவர்கள் கடலால் வந்த கையோடு வருவார்கள். சரி, ஆண்கள் போகட்டும். பெண்களுக்கென்று நான் ஒருத்தி இருக்கும்போது எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கே என்ன வேலை? கேட்டால் கைராசி என்பார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்தாலே பாதி வருத்தம் போய்விடுமாம். நான் வைத்தால் “குளிருது டொக்டர்” என்பார்கள்.

அவர் கெட்ட டொக்டராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கெட்ட டொக்டர் இல்லை. பொறுமையாகக் கேட்பார், தேவையில்லாத மருந்து எழுத மாட்டார், போன தடவை சொன்ன பேரப்பிள்ளையின் பெயரை இந்தத் தடவை ஞாபகமாக விசாரிப்பார். என்னைக் கண்டால் மூத்த சகோதரியைக் கூப்பிடுவது போல “ராத்தா” என்று எழுந்து நிற்பார். அப்படி அவர் எழுந்து நிற்பதும் எனக்குப் பிடிக்காது.

எல்லாரையும்விட எனக்கு வயிறெரிந்தது பௌசியாவினால். பௌசியா என் மாமாவின் மகள், எனக்கு மச்சி. ஊரில் கலியாணமோ கந்தூரியோ, பல பேர் ஒரே தாலத்தில் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் சோறு சமைக்கப் பௌசியாவைத்தான் கூப்பிடுவார்கள். அறுபதைத் தொட்ட பிறகும் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று நாலு பேரை வேலை வாங்குவாள். பிரஷர் இருந்தது. அந்தப் பிரஷருக்கு அவள் மருந்தெடுக்கப் போவது சந்தி டொக்டரிடம். அவளுடைய வீட்டிலிருந்து சந்திக்குப் போவதென்றால் என் டிஸ்பென்சரியைக் கடக்காமல் போக முடியாது. கடக்கும்போது கையைத் தூக்கி “என்ன மச்சி, சுகமா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். நானும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்குவேன். எனக்கு அவள் எந்த நாளில், எந்த நிற அபாயா போட்டுக்கொண்டு போகிறாள் என்பதுவரை தெரியும்.

எங்கள் பகுதித் தைக்காவில், பெண்கள் கூடித் தொழுகிற இடத்தில், வாரத்துக்கொரு தடவை பின்னேரம் பெண்களுக்குப் பயான் நடக்கும். மார்க்கம் தெரிந்த ஒரு பெண் வந்து பேசுவார். நாங்கள் பாயில் உட்கார்ந்து கேட்போம். முடிந்ததும் எல்லாருமாக அசர் தொழுதுவிட்டுக் கலைவோம். ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருக்கும். முழங்கால் ஏலாதவர்கள் அதை இழுத்துப் போட்டு, இருந்தபடி தொழுவார்கள். எங்கள் ஊரில் ஐம்பது தாண்டிய பெண்களில் முழங்கால் வருத்தம் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகையால் ஒருத்தி கதிரைக்கு மாறினால் ஏன் மாறினாய் என்று யாரும் கேட்பதில்லை. “பாவம், அவக்கும் முழங்கால் வந்திட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

நான் சொல்லும் நாளில் பௌசியா எனக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறாள் என்பதால் அன்று எல்லாருடைய கண்ணும் அவள்மேல்தான். என்னுடைய கண் எப்போதும் போல. பயான் நீண்டுகொண்டே போனது. பௌசியா அவ்வளவு நேரமும் சம்மணம் கட்டி, முதுகை நேராக்கிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். தொழுகை தொடங்க இகாமத் சொன்னதும் எழுந்தாள். யாரையும் பிடிக்கவில்லை, கையை நிலத்தில் ஊன்றவுமில்லை. எழுந்தவள் நேரே ஓரத்துக்குப் போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைய தொழுகையை அல்லாஹ்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். என் நெற்றி நிலத்தில் இருந்தது, புத்தி பௌசியாவின் முழங்காலில் இருந்தது. முழங்கால் ஏலாதவள் எப்படி இவ்வளவு நேரம் சம்மணம் கட்டினாள்? எப்படிப் பிடிக்காமல் எழுந்தாள்? அந்த முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அவளால் ஏலாதது சுஜூது மட்டும்தான். குனிந்து தலையை நிலத்தில் வைக்க அவளுக்கு ஏலவில்லை. ஏன்?

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் அவளே என்னிடம் வந்தாள். பயணம் போவதற்கு முன்னால் சொந்தபந்தங்களிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சி, உம்ராவுக்குப் போறன். தெரிஞ்சோ தெரியாமலோ என்னவும் பிழ செஞ்சிரிந்தா பொறுத்துக்கங்க” என்றாள்.

என் வாசலைக் கடந்து கடந்து சந்திக்குப் போனதையும் சேர்த்தா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “முழங்கால் எப்ப இரிந்து?” என்று கேட்டேன்.

“அது இப்ப ரெண்டு மாசமா.”

“எந்த முழங்கால்?”

பௌசியா ஒரு கணம் யோசித்தாள். முழங்கால் வருத்தக்காரி எந்த முழங்கால் என்று யோசிக்க மாட்டாள். அவளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய், “உண்மையச் செல்லு” என்றேன்.

“மகள்ட செல்லிராதீங்க மச்சி. சுஜூதுக்குப் போனா மூச்சு அடைக்கிது. நெஞ்சுக்க ஆரோ அமத்துற மாதிரி. நிமிந்தா சரியாகிரும். முட்டுத்தானே, எங்கட உம்மாக்கும் இரிந்த. சந்தி டொக்டர் பம்ப் தந்திரிக்காரு. அடிச்சா கொஞ்சம் பறவால்ல.”

முட்டு என்று எங்கள் பக்கம் சொல்வது இழுப்பைத்தான், பம்ப் என்பது அதற்கு வாயில் அடிக்கிற மருந்து. நான் நிலத்தில் உட்கார்ந்து அவளுடைய அபாயாவைக் கொஞ்சம் தூக்கினேன். தடித்த கறுப்பு மேஸ் போட்டிருந்தாள். எங்கள் பெண்கள் வெளியே போனால் காலுறை போடாமல் போவதில்லை, டொக்டரிடம் போனாலும் அப்படித்தான். அந்த மேஸைக் கீழே இழுத்தேன். இறப்பர் இருந்த இடம் காலைச் சுற்றிப் பள்ளமாக இறங்கியிருந்தது. முன்கால் எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அமத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவர் பிடிக்கவில்லை, நான் பிடித்துவிட்டேன்! அவருடைய கைராசிக்கும் வேன்களுக்கும் செருப்புக் குவியலுக்கும் பதில் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அதன் பிறகுதான் அது பௌசியாவின் கால் என்பது உறைத்தது. மேஸை மேலே இழுத்துவிட்டேன்.

அவளோடு கூடவே அவள் வீட்டுக்குப் போனேன். மண்டபத்தில் பயணப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் இருந்த ஸோபாவில் தலையணைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவளுடைய மகள் நஸீஹாவிடம் கேட்டேன். “உம்மா இப்ப கட்டில்ல படுக்கிற இல்ல மாமி. சாஞ்சிக்கித்துத்தான் தூங்குற. படுத்தா இருமல் வருதாம்” என்றாள். அந்தத் தலையணைகளைத் தினமும் அடுக்கிக் கொடுப்பவளே அவள்தான். விருந்தாளிகள் அந்த ஸோபாவில்தான் வந்து உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். “இது முட்டு இல்ல. இதயம் களச்சிப் போயிரிக்கி. ரெத்தத்தத் தள்ள ஏலாம நெஞ்சிலயும் கால்லயும் தண்ணி நிக்கிது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்த நிலமையில பிளேன் ஏறினா, கஃபாவச் சுத்தித் தவாபுக்கு அவ்வளவு தூரம் நடந்தா, என்ன நடக்கும் எண்டு எனக்குச் செல்லவும் பயமா இரிக்கி.”

பௌசியாவின் முகம் மாறிவிட்டது. பயத்தில் மாறவில்லை, கோபத்தில்.

“போன கிழமதான் சந்தி டொக்டர் பாத்தாரு. பிரஷர் நல்லம், போய்ட்டு வாங்க எண்டு செல்லிட்டாரு. ஒங்களுக்கு அவரக் கண்டா ஏலா எண்டு ஊருக்கே தெரியும் மச்சி. நான் அவர்ட போற ஒங்களுக்குக் காய்ச்சல். அதுக்கு என்ட உம்ராவ ஏன் நிப்பாட்டப் பாக்கிற?”

நஸீஹா என் முகத்தைப் பார்க்காமல், “மாமி, போற நேரத்துல உம்மாவப் பயப்படுத்தாதீங்க” என்றாள்.

பௌசியா சொன்னதில் பொய் ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருடமாக அவரைப் பற்றி நான் குத்தலாகச் சொன்னதெல்லாம் அந்த மண்டபத்தில் எனக்கு எதிராக எழுந்து நின்றது. நோயை நான் சரியாகக் கண்டுபிடித்திருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தால் அது நோயாகத் தெரியவில்லை, எரிச்சலாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் கணவர் பாடசாலை அதிபராக இருந்தவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “நீ செல்லி அவ கேக்கமாட்டா. அவர் செல்லட்டும்” என்றார்.

“அவருக்குத் தெரிஞ்சாத்தானே செல்ல!”

“அப்ப போய்ச் செல்லு.”

“நானா? அவர்டயா?”

“வேற ஆரு போற? பௌசியா செத்து, அவட ஜனாஸாக்கு நாம போறத்த விட இது லேசு.”

அந்த மனிதர் சில நேரம் இப்படித்தான் பேசுவார். மறுநாள் பின்னேரம் என் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுச் சந்திக்கு நடந்தேன். பின்கதவால் போயிருக்கலாம். என் வீம்பு விடவில்லை. எல்லாரையும் போல நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தேன். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “லேடி டொக்டருக்கே சுகமில்லையாம், இவர்ட வந்திரிக்கா” என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. என் நம்பர் வரும்வரை நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் அவர் எழுந்து நின்றார். “ராத்தா! ஒரு கோல் எடுத்திரிந்தா நான் வந்திரிப்பனே!”

போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போயிருந்தேன். நீ பிழை விட்டுவிட்டாய் என்று தொடங்கினால் எந்த டொக்டரும் முதலில் தன்னைத்தான் காப்பாற்றுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆகவே முடிவைச் சொல்லவில்லை, கண்டதை மட்டும் சொன்னேன்.

“ஒங்கட பேஷன்ட் பௌசியா, தைக்காவில கதிரையில இரிந்து தொழுறா.”

“முழங்காலா?”

“பயான் முடியும்மட்டும் நிலத்தில சம்மணம் கட்டித்தான் இரிந்தா. பிடிக்காம எழும்பினா. மறுகாதான் கதிரையில ஏறின.”

அவர் பேனையை மேசையில் வைத்தார். வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் சுஜூது என்ற சொல்லைச் சொல்லவில்லை, மூச்சு என்றும் சொல்லவில்லை. அவராகவே, “காலப் பாத்தீங்களா ராத்தா?” என்று கேட்டார்.

“பாத்தன். குழி விழுகிது.”

“நான் பாக்கல்ல. மேஸ் போட்டிரிந்தா. கழட்டச் சொல்ல எனக்குக் கூச்சமா இரிந்திச்சு. முட்டு எண்டு அவவே செல்லிக்கித்து வந்தா, நெஞ்சும் விசிலடிச்சிச்சு. நானும் முட்டெண்டே எழுதிட்டன்.”

ஒரு சாக்குப்போக்கும் இல்லை. பம்ப் அடித்ததும் குறைந்ததே என்றோ, கூட்டம் அதிகம் என்றோ அவர் சொல்லவில்லை. தன் பிழை என்று நேராகச் சொல்லிவிட்டார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் குறைந்தது பத்து நிமிடமாவது வாதாடியிருப்பேன். பிழை விட்டதிலும் இந்த மனிதர் என்னைவிட நன்றாகப் பிழை விடுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“இப்பவே அவவக் கூப்பிட்டு, லேடி டொக்டர்தான் கண்டுபிடிச்ச எண்டு செல்றன்” என்று போனை எடுத்தார்.

அப்போது நான் சொன்ன வாக்கியம்தான் என் தொழில் வாழ்க்கையிலேயே எனக்குக் கஷ்டமான வாக்கியம். பிரசவ அறையில், வெள்ளத்தில், சுனாமிக்குப் பிறகு எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறேன். அவையெல்லாம் இதைவிட லேசு.

“என்ட பேரச் செல்லாதீங்க. நான் செல்லி அவ நம்பல்ல. ஊர்ல ஆருக்கும் தெரிய வேணாம். நீங்க கண்டதாவே இரிக்கட்டும். அப்பதான் ஆஸ்பத்திரிக்குப் போவா.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நஸீஹாவை அழைத்தார். உம்ராவுக்கு முன்னால் ஒருக்கா பார்க்க வேண்டும், இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். என் டிஸ்பென்சரிக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது பௌசியாவும் மகளும் ஓட்டோவில் கடந்து போனார்கள். அன்று அவள் என் பக்கம் கை தூக்கவில்லை.

அங்கிருந்து அவளை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போய்ச் சேரும்போதே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டதாம். ஒட்சிசன் பிடித்து, நீர் போவதற்கு ஊசி போட்டு, இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இதயம் பாதி பலத்தோடுதான் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து நெஞ்சில் இருந்த தண்ணீர் வற்றி, கட்டிலில் நீட்டி நிமிர்ந்து தூங்கினாள். உம்ரா தள்ளிப்போனது.

பிறகு ஊரில் நடந்ததைக் கேளுங்கள். “மேஸக் கழட்டி விரல ஒருக்காத்தான் அமத்தினாராம், உடனே பிடிச்சிட்டாராம்!” வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே இது சுற்றி வந்தது. கலியாண வீட்டில் என் சஹனில் கூட இருந்து சாப்பிட்டவள் எனக்கே இதைச் சொன்னாள். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். “விரல்லயே ஸ்கேன் வச்சிரிக்காரு போல டொக்டர்!” நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பாரைமீனின் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல் என்னுடையது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. முதலில் அமத்தியது நான் என்று தெரிந்த பௌசியாவும் வாய் திறக்கவில்லை; நான் எரிச்சலில் சொன்னது தற்செயலாகப் பலித்தது என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய வாசலில் செருப்பு இன்னும் கூடியது. பெண்களின் காலைப் பார்க்க ஒரு தாதியைச் சம்பளத்துக்கு வைத்தார், ஒரு திரையும் ஒரு முக்காலியும் போட்டார். அந்தத் திரை என்னால் வந்தது என்பது அவருக்கும் எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்கிருந்த ஆறுதல். கூட்டமும் பெயரும் அவருக்கு, ஆனால் பெருந்தன்மை என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகும் அதை நினைத்து நினைத்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டேன்.

அடுத்த வருடம் டொக்டர்மாரின் அனுமதியோடு பௌசியா உம்ராவுக்குப் போய், சக்கர நாற்காலியில் தவாபு செய்து, நல்லபடியாகத் திரும்பி வந்தாள். சந்தி டொக்டருக்கு மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் பெரிய கேனில் போனது, நான் ஜன்னலால் பார்த்தேன். எனக்கு வந்தது சின்னப் போத்தல். பேரீச்சம்பழமும் அவருக்குப் பெட்டி, எனக்குப் பொட்டலம். அந்தச் சின்னப் போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன், குடிக்க மனம் வரவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் எங்கே கண்டுபிடிக்கப்படுகிறது என்று கேட்டால், அநேகமாக ஆஸ்பத்திரியில், மூச்சுத் திணறிக்கொண்டு வரும்போதுதான். ஆனால் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அது வீட்டில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. தலையணை அடுக்குகிற மகள் பார்க்கிறாள், கதிரை எடுத்துக் கொடுக்கிற பக்கத்துப் பெண் பார்க்கிறாள். பார்த்ததற்கு அவர்கள் முழங்கால் என்றும் முட்டு என்றும் வயசு என்றும் பெயர் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் எப்படித் தொழுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேளுங்கள். கதிரை என்றால் ஏன் கதிரை என்று கேளுங்கள். மேஸைக் கழற்றச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் கழற்ற ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நான் பௌசியாவின் நோயைக் கண்டுபிடித்தது கெட்டித்தனத்தினால் அல்ல. அவள் அவருடைய நோயாளி என்பதனால் அவளை விட்டு என் கண் எடுபடவில்லை, அதனால்தான். என் கணவர் இதை அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

போன மாதம் பயானுக்குப் போயிருந்தேன். இப்போது எனக்கே முழங்கால் ஏலாது, நான்தான் கதிரை. பௌசியா முன்வரிசையில் நிலத்தில் தொழுதாள். சுஜூதில் நீண்ட நேரம் இருந்தாள். சலாம் கொடுத்ததும் திரும்பிப் பார்த்தவள் நேரே என்னிடம் வந்து, என் காலடியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் என் மேஸைக் கீழே இழுத்தாள். கட்டைவிரலை என் முன்கால் எலும்பில் வைத்து அமத்தினாள்.

“என்னடி செய்ற?”

“அண்டைக்கி நீங்க அமத்தின மாதிரி அமத்திப் பாக்கன்.”

“ஊரெல்லாம் சந்தி டொக்டர் அமத்தினதெண்டு செல்லித் திரிஞ்ச நீதானே?”

பௌசியா சிரித்தாள். “அவர் அண்டைக்கே எல்லாம் செல்லிட்டாரு மச்சி. நான் போய் இரிந்த உடனே, ‘நான் காணல்ல, ராத்தாதான் கண்ட, அவ செல்றது சரி’ எண்டு செல்லிட்டுத்தான் மேஸயே கழட்டச் சொன்ன. ராத்தா தன்ட பேரச் செல்ல வேணாம் எண்டு கேட்டிரிக்கா, நீங்களும் ஆருக்கும் செல்லாதீங்க எண்டாரு. நான் வாக்குக் குடுத்திட்டன். மறுகா எப்பிடிச் செல்ற?”

“அப்ப அந்தச் சின்னப் போத்தல்?” என்றுதான் வாயில் வந்தது.

“பெரிசாத் தந்தா ஏன் எண்டு கேட்டிரிப்பீங்களே. கஃபத்துல்லாவக் கண்ட உடன முதல் துஆ ஒங்கட பேரச் செல்லித்தான் கேட்டன்.”

அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அது முடிவதற்குள்ளேயே மற்றது, அந்தப் பழைய பொறாமை, வந்துவிட்டது. என்னிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை அந்த இரகசியம்தான். அதை முதல் நாளே அவளிடம் சொல்லி, என் பெயரையும் காப்பாற்றி, நான் கேட்டதையும் காப்பாற்றி, இவ்வளவு காலமும் ஊர் புகழும்போதெல்லாம் கூச்சத்தோடு இருந்திருக்கிறார் மனிதர். பெருந்தன்மையிலும் அவர்தான் முன்னால்.

பௌசியா விரலை எடுத்தாள். குழி விழவில்லை. “இது முழங்கால்தான்” என்றேன்.

“எதுக்கும் ஒருக்கா அவர்ட காட்டுங்க மச்சி” என்றாள்.

நாளைக்குப் போகிறேன். மேஸ் போட்டுக்கொண்டுதான் போவேன். கழற்றச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.